மிட்டாய்த்தாள், ஓரடுக்கு

வாலிநோக்கம் அளத்தில்
மணி ஐந்தேமுக்கால்.
வரவேண்டிய லாரி வரவில்லை. அதனால்தான்
விடியுமுன் வந்தவர்கள் இன்னும் நிற்கிறார்கள்.
அதனால்தான் எனக்கும் முகங்கள் கிடைத்தன.

கம்பெனி காலண்டருக்குப் படம், மார்ச் மாதத்துக்கு.
"உப்பு வெள்ளையா இருக்கணும், ஆள் சிரிக்கணும்"
என்றார் மேனேஜர் போனில்.
இரண்டும் எளிது என்று நினைத்துவிட்டேன்.

முத்திருளாயி
அம்பாரத்தின் முன் வந்து நின்றாள்.
சேலைக்கு மேல் ஆண்சட்டை,
இடது காதோரம் சூரியன்,
நெற்றிவரை இழுத்துவிட்ட துண்டு.
துண்டின் நிழலில் முகம்
கிணற்றில் விழுந்த வாளி மாதிரி:
இருப்பது தெரியும், பார்க்க முடியாது.
ஆகவே ஃபிளாஷ்.

ஃபிளாஷுக்கு ஊரும் கிடையாது, பொழுதும் கிடையாது.
எங்கே மின்னினாலும் அதற்கு நடுப்பகல்,
ஐயாயிரத்து ஐந்நூறு கெல்வின்.
கேமராவிலும் அதையே வைத்தேன்.
முகம் முகமாக வந்தது.
பின்னால் உப்பு
கடலைமாவைக் குவித்த மாதிரி.

எண்ணைக் கீழே இறக்கினேன்,
மூவாயிரத்து இருநூறு.
உப்பு வெளுத்தது. முத்திருளாயி நீலமானாள்.
திரையைக் காட்டினேன்.
"இதென்ன, ஐஸ் பெட்டியில கெடந்த நகரை மீனாட்டம்.
கரையேறி மூணு நாளாச்சு போல."
பக்கத்தில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், அவளும்.
அந்தச் சிரிப்பை எடுக்கத் தவறினேன்.

இரண்டு வெளிச்சம், ஒரே எண்.
ஒன்றுக்கு நியாயம் சொன்னால்
மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்பதும்
பாதிப் பொய்:
ஒரே கன்னத்தில் கலந்துவிட்டதை எந்த மவுஸ் பிரிக்கும்?
வழி இருக்கிறது. ஃபிளாஷின் வாயில் ஆரஞ்சுத் தாள் கட்டி
அதற்கும் பொழுது சாய வைக்கவேண்டும்.
தாள் இருப்பது சாயல்குடியில்,
ஸ்டுடியோ மேசைமேல்.

"என்ன தேடுறீக?"
சொன்னேன்.
தலை கிறுகிறுத்தால் வாயில் போட வைத்திருந்த
ஆரஞ்சு மிட்டாய் நாலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து,
உரித்து, ஆளுக்கொன்று கொடுத்து,
ஒன்றைத் தான் ஒதுக்கிக்கொண்டு,
தாள்களை என்னிடம் நீட்டினாள்.

இரண்டடுக்காக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன்.
அடித்தேன்.
உப்பு வெள்ளை. முகம் கருப்பு.
சட்டை, அது எந்த நீலமோ அந்த நீலம்.
பாடப்புத்தகத்தில் போடலாம்.

முத்திருளாயி வெகுநேரம் பார்த்தாள்.
மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து
மறு கன்னத்துக்குப் போனது.
"நல்லாத்தான் இருக்கு.
இப்பத்தான் வேலைக்கு வந்து நிக்கிற மாதிரி இருக்கேன்.
இன்னைக்குப் பாத்த வேலையெல்லாம் எங்க தம்பி?"

திரும்பி அம்பாரத்தைப் பார்த்தேன்,
முதல்முறையாகக் கேமரா இல்லாமல்.
வெயில் பட்ட பக்கம் ரோஜா.
நிழல் பக்கம் ஊதா.
வாருபலகை சாய்ந்திருந்த இடத்தில்
பெயரில்லாத ஒரு சாம்பல்.
வெள்ளை எங்கேயும் இல்லை.
அது என் தலைக்குள் இருந்தது,
மேனேஜர் தலைக்குள்ளும்.

ஓரடுக்கைப் பிரித்தேன்.
எண்ணை நாலாயிரத்து எண்ணூறில் விட்டேன்,
எந்த வெளிச்சத்துக்கும் சொந்தமில்லாத எண்.
முகத்தில் கொஞ்சம் அந்தி,
உப்பில் அதைவிடக் கொஞ்சம் கூட.
அவள் சிரிக்கவில்லை,
மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
தூரத்தில் ஹாரன் கேட்டு
பார்வை என் தோளைத் தாண்டிப் போனது.
அப்போது அடித்தேன்.

காலண்டரில் வந்தது வெள்ளைப் படம்தான்.
பில்லில் இருநூறு குறைத்தார்கள்,
சிரிப்புப் போதவில்லையாம்.

மற்றதை ஆறுக்கு எட்டில் போட்டு
மறுவாரமே அளத்துக்குக் கொண்டுபோயிருந்தேன்.
காலை பத்து மணி வெயில்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு
பக்கத்தில் உப்பு வாரியவளிடம் நீட்டினாள்:
"இதுல மணி என்னடி?"

அவள் பலகையைக் கீழே வைக்கக்கூட இல்லை.
"லாரி வந்த மணி."